காகிதம் என்று எழுதிய மூட்டை

எங்கள் தெருவில் எந்தக் குப்பை எந்த வாளிக்குள் போக வேண்டும் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கு நானே போய்ச் சொல்லிவிடுவேன். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் தபால் பிரிவில் இருந்தவன் நான். வருகிற கடிதங்களைப் பிரித்து, எது எந்தப் பிரிவுக்கு என்று பார்த்து, அந்தந்த மேசைக்கு அனுப்புவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் கை நமநமவென்று இருந்த நாட்களில்தான், மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று பேரூராட்சியிலிருந்து வீடு வீடாக வந்து சொன்னார்கள். பச்சை வாளியும் நீல வாளியும் கொடுத்தார்கள். எனக்கு மறுபடியும் அரசு வேலை கிடைத்த சந்தோஷம்.

சுசீந்திரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பன்னிரண்டு வீடுகள் உள்ள தெரு எங்களுடையது. பாதி வீட்டுக்காரர்கள் வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டியவர்கள். மீதிப் பேர் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள். இதற்கு முன் குப்பை விஷயத்தில் எங்களுக்குள் எந்த வேற்றுமையும் கிடையாது. எல்லாரும் வயல் வரப்பில்தான் கொட்டினோம்.

எனக்குக் கிடைத்த நோட்டீஸை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். அதில் இல்லாததைச் செல்போனில் தேடிப் படித்தேன். பால் கவர் மறுசுழற்சிக்குப் போகும், ஆனால் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். மூலையைக் கத்தரிக்கும்போது முழுசாகத் துண்டித்துவிடக் கூடாது, அந்தக் குட்டி முக்கோணம் எங்கேயாவது விழுந்து யாருக்கும் உதவாமல் போய்விடும். செய்தித்தாள் போகும், பஜ்ஜி வைத்த செய்தித்தாள் போகாது. அட்டைப்பெட்டி போகும், அதன்மேல் ஒட்டிய டேப்பைப் பிய்த்துவிட வேண்டும். எண்ணெய் டின், கொசு மருந்து டப்பா, ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி எல்லாம் போகும். பிஸ்கட் கவர் பார்ப்பதற்குப் பிளாஸ்டிக், உள்ளே பார்த்தால் வெள்ளிப் பளபளப்பு. அதை ஆக்கர் கடைக்காரர்கூடத் தொட மாட்டார். பழைய இரும்பு, தகரம் என்றால் கேட்டைத் தட்டி வாங்குகிற ஆக்கர் கடைக்காரரே வேண்டாம் என்று சொல்லும் பொருளின் தலைவிதியை நான் தெருமுனையில் நின்று விளக்குவேன். என்னைக் கண்டதும் சிலர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போனார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். நான் கவனித்ததில்லை.

கண்ணாடி எனக்கு மிகவும் பிடித்த பாடம். "கண்ணாடின்னா எல்லாம் ஒண்ணு கெடயாது, கேட்டியளா" என்று ஆரம்பிப்பேன். ஊறுகாய்ப் பாட்டில் உருகும், மறுபடியும் பாட்டில் ஆகும். குடிக்கிற டம்ளர் வேறு ஜாதி, அதோடு சேராது. முகம் பார்க்கும் கண்ணாடி கட்டாயம் கூடாது, அதன் முதுகில் மருந்து பூசியிருக்கிறது. உடைந்த கண்ணாடி எதுவானாலும் கெட்டியான அட்டையில் பொதிந்து, மேலே பெரிதாக எழுதி, எடுக்க வருகிறவர் கையில் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாயால் சொல்ல வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்வேன்.

என் வீட்டுக் கொடியில் பால் கவர்கள் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கும். "எனக்க சேலைய காயப்போட இடமில்ல. அந்தச் சவத்த எடுத்துத் தூரப் போடுங்க" என்பாள் மனைவி. தூரப் போடுவது என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்று நான் விளக்கம் சொல்வேன். அவள் கவர்களை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சேலையை விரிப்பாள்.

மக்காத குப்பைக்கு வீட்டில் நான்கு அரிசிச் சாக்குகள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்: காகிதம், பிளாஸ்டிக், தகரம், மற்றவை. மற்றவை என்பது தபால் பிரிவில் நாங்கள் உயிரோடு வைத்திருந்த சொல். சாக்குகளைப் பார்த்துவிட்டுப் பேரூராட்சி சூப்பர்வைசர் என் வீட்டை 'மாதிரி வீடு' என்று அறிவித்தார். என்னைச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எதிர் வீட்டுக்காரர் கைதட்டுகிற கை படம் இரண்டு அனுப்பினார். அவர் குவைத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் வீட்டு மூட்டையில் மீன் முள்ளும் பேட்டரியும் பழைய செருப்பும் ஒரே குடும்பமாக இருக்கும்.

தினமும் காலையில் தள்ளுவண்டியோடு வருகிற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். தோவாளைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தெருவில் எல்லாரும் அவரைக் குப்பைக்காரி என்றார்கள். நான் ஒருவன்தான் தூய்மைப் பணியாளர் என்று சொல்லுங்கள் என்று திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையில் அவர் பெயரை நானும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது.

மக்கும் குப்பையைத் தினமும் எடுப்பார்கள். மக்காத குப்பைக்கு வாரத்தில் ஒரு நாள்தான். அது வெள்ளிக்கிழமை. இந்த நாளைத் தேர்ந்தெடுத்த அதிகாரி நிச்சயமாக எங்கள் ஊர்க்காரர் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே கொடுக்க மாட்டார்கள். உப்பு, அரிசி, காசு மட்டுமல்ல, தகரமும் இரும்பும் போனால்கூட அதோடு லட்சுமியும் இறங்கிப் போய்விடுவாள் என்று பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். முதல் வெள்ளிக்கிழமை வண்டி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. நாளை மாற்ற முடியாது என்று பேரூராட்சி சொன்னது.

கடைசியில் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால், மூட்டையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிடுவது. வியாழக்கிழமையே அது வீட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. வெள்ளிக்கிழமை யார் எடுத்தால் என்ன, அது ரோட்டில் கிடக்கிற சாமான்தானே. இப்படியாக வாரந்தோறும் வியாழக்கிழமை இரவு முழுவதும் எங்கள் தெரு, லட்சுமியின் பாதுகாப்புக்காக, நாய்களின் பொறுப்பில் இருந்தது. நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் கண்ணாடி உடைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முன்னறைச் சுவரில் தொங்கிய முகக் கண்ணாடியை நான் துணியால் துடைத்தேன். துடைத்த வேகத்தில் ஆணியோடு கையில் வந்து, தரையில் விழுந்து, ஏழெட்டுத் துண்டாயிற்று. மனைவி அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு எழுந்திருந்தாள்.

"வெளக்கு வச்சாச்சே. நாளைக்கி வெள்ளி. ஞாயித்துக்கெழம ஆளு வருகு. இத வீட்டுக்குள்ள வச்சிட்டு நான் எப்பிடி ஒறங்குவேன்?" என்றாள்.

"அப்பம் வெளிய கொண்டு போட்டுருதேன்."

"வெளக்கு வச்ச பொறவா? ஒங்களுக்கு கொஞ்சமாவது வெளிவு உண்டா?"

உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கவும் கூடாது, விளக்கு வைத்தபின் வெளியே போகவும் கூடாது, மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் அன்றும் போகக் கூடாது. இதையெல்லாம் நம்பாதவன் நான். ஆனால் துண்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் என் தபால் பிரிவு மூளை தானாக வேலை செய்தது. அலுவலகத்தில் அன்றைய தபால் கட்டை முடித்துக் கட்டிய பிறகு ஒரு கடிதம் வந்தால், மறுநாள் வரை காத்திருக்க மாட்டோம். கட்டிய கட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் செருகிவிடுவோம். கட்டு எந்தத் தேதியில் போனதோ அந்தத் தேதிதான் செருகிய கடிதத்துக்கும்.

"நம்ம சாக்கு விளக்கு வைக்கதுக்கு முன்னேயே வெளிய போயாச்சு இல்லியா? அதுக்குள்ள வச்சா இதும் அப்பமே போனதுதான்" என்றேன்.

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். முகம் தெளிந்தது. "அது கொள்ளாம்" என்றாள். அப்புறம், "யாரும் காணாம வையுங்க. பொண்ணு பாக்க வரப்பட்ட சமயம், கண்ணாடி ஒடஞ்சதுன்னு ஊருக்குத் தெரியாண்டாம்" என்றாள்.

கேட்டுக்கு வெளியே நான்கு சாக்குகளும் வரிசையாக இருந்தன. எதிர் வீட்டுக்காரர் அவர் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அட்டையில் பொதிய நேரமில்லை. பெரிதாக எழுதினால் தெரு முழுக்கப் படிக்கும். துண்டுகளைப் பழைய செய்தித்தாளின் மடிப்புகளுக்குள் வைத்து, காகிதம் என்று எழுதிய சாக்கின் நடுவில் இறக்கி, மேலே இன்னும் இரண்டு கட்டுக் காகிதத்தைப் போட்டு மூடினேன். செய்தித்தாளோடு செய்தித்தாளாக, வெளியே ஒன்றும் தெரியவில்லை. காலையில் அந்தப் பெண் வரும்போது வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் மறந்துவிட்டேன் என்று பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். அது பொய். வண்டியின் மணி கேட்டது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வாசலுக்கு வந்தபோது எதிர் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று தூண் ஓரமாக நின்றேன். அவர்கள் போவதற்குள் வண்டி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பாயசம் குடித்தார்கள், கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள், போனார்கள். சுவரில் கண்ணாடி இருந்த இடத்தில் காலண்டர் தொங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் வண்டியோடு வேறு ஆள்தான் வந்தார், அந்தப் பெண் லீவு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்தார், மாதிரி வீட்டைப் புதிதாக ஒரு படம் எடுக்க வேண்டுமாம். அந்தப் பெண் எங்கே என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"தரம் பிரிக்க எடத்துல வச்சு கையக் கீறிக்கிட்டா சார். மூட்டைக்குள்ள கண்ணாடிச் சில்லு. பெருவிரல் அடியில எட்டுத் தையல்" என்றார். "எதிர் வீட்டு ஆளுக்க வேலைன்னு எனக்குத் தெரியும். அந்த மூட்டையத் தொறந்தா ஒரு சந்தையே இருக்கும். ஆனா இவ மேலயும் தப்பு இருக்கு. கையுறை போடல. மெமோ குடுத்தாச்சு. ஒழுங்கான பதில் இல்லன்னா வேலைய விட்டு நிறுத்திருவாவ. கொஞ்சம் வலதுபக்கமா நில்லுங்க சார், சாக்குல எழுதினது தெரியட்டும்."

நான் கொஞ்சம் வலதுபக்கமாக நின்றேன். சிரிக்கவும் செய்தேன். அந்தப் படம் இன்றைக்கும் குழுவில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. எதிர் வீட்டுக் கண்ணாடியாகவும் இருக்கலாமே என்று ஒரு வாரம் நினைத்தேன். தினமும் எத்தனையோ வீட்டுக் குப்பை அங்கே போகிறது, அதில் என்னுடையதுதான் என்று என்ன நிச்சயம் என்று அடுத்த வாரம் நினைத்தேன். தெருமுனையில் பாடம் நடத்துவதை மட்டும் நிறுத்திவிட்டேன். ஸ்கூட்டர்கள் பழைய வழியிலேயே வர ஆரம்பித்தன.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணே வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. இடது கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"கை இப்பம் எப்படி இருக்கு மக்கா?"

"தையல் பிரிச்சாச்சு சார். பெருவிரலு மடங்க மாட்டேங்கு. வண்டி தள்ளிரலாம். சாயங்காலம் வீட்டுல இருந்து பூ கெட்டுவேன், அதான் முடியல. முடிச்சு விழமாட்டேங்கு."

தோவாளைச் சந்தைக்குப் பூ கட்டிக் கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அவர்களுக்கு எல்லாம்.

"எந்த வீட்டு மூட்டைன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். கேட்கும்போதே, தெரியாது என்று சொல்லிவிட மாட்டாரா என்று மனம் அடித்துக்கொண்டது.

"நம்ம வீடுதான் சார்" என்றார்.

என் வீட்டை நம்ம வீடு என்று மரியாதைக்காகச் சொன்னார். கோபமே இல்லை. நேற்று மழை பெய்ததைச் சொல்கிற குரலில் மீதியையும் சொன்னார்.

"மத்த வீட்டு மூட்டையெல்லாம் கம்பிய விட்டு நாலு குத்து குத்திப் பாத்துட்டுதான் தொறப்பேன். உறையும் போட்டிருப்பேன். ஒங்க சாக்குல காயிதம்னு எழுதிருந்துல்லா. உறை போட்டா பேப்பரு ஒண்ணொண்ணா பிரிய மாட்டேங்கு. நம்ம வீட்டுச் சாக்குதானேன்னு கழத்தி வச்சிட்டு கைய விட்டேன்."

பன்னிரண்டு வீட்டில் பதினோரு வீட்டுக் குப்பை அவரைக் காயப்படுத்தவில்லை. பேட்டரியையும் மீன் முள்ளையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தவரின் மூட்டையில் அவர் பத்திரமாக இருந்தார். என் கையெழுத்தை நம்பி உறையைக் கழற்றியிருக்கிறார்.

"சூப்பர்வைசர்ட்ட சொல்லலியா?"

"சொன்னா யாரு சார் நம்புவா? கைய அசால்ட்டா விட்டுட்டு மாதிரி வீட்டு மேல பழியப் போடுகான்னு சொல்லுவாவ. திங்கக்கெழம பதில் எழுதிக் குடுக்கணும். என்னன்னு எழுத? உறை போடாதது உள்ளதுதானே."

திங்கட்கிழமை காலையில் நான் பேரூராட்சி அலுவலகம் போனேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கடிதங்களைப் பிரித்து அனுப்பியிருக்கிறேன், முழுசாக எழுதியது குறைவு. இதை மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். கண்ணாடி எப்படி உடைந்தது, எந்தச் சாக்கில் எப்படி வைத்தேன், ஏன் சொல்லவில்லை, அந்தப் பெண் என் எழுத்தை நம்பித்தான் உறையைக் கழற்றினார், எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தேன். சூப்பர்வைசர் நின்றபடியே படித்தார். படித்து முடித்து என்னைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"சார், இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பிள்ள வேல போயிரக் கூடாதுன்னு பழிய ஒங்க தலையில போட்டுக்கிடுதிய. எதிர் வீட்டு ஆளையும் காட்டிக் குடுக்காண்டாம்னு பாக்கிய. எனக்குப் புரியாதா சார்?"

உண்மையிலேயே நான்தான் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவருக்கு என்மேல் மதிப்பு கூடிக்கொண்டே போயிற்று. முகக் கண்ணாடி மறுசுழற்சிக்குப் போகாது என்று ஊருக்கே சொன்னவர் நீங்கள், நீங்களா அதைக் காகிதத்துக்குள் வைப்பீர்கள் என்று கேட்டார். விளக்கு வைத்துவிட்டோம், மறுநாள் வெள்ளிக்கிழமை என்றேன். "நீங்க அதெல்லாம் பாக்க மாட்டியளே சார்" என்று சிரித்தார். மெமோவைத் திரும்பப் பெறுவதாகவும், எனக்காகவே அதைச் செய்வதாகவும் சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். செய்தி அதற்குள் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அந்த வாரம் நானும் ஒரு டம்ளர் ஒடஞ்சதத் தூக்கி மூட்டைக்குள்ள போட்டேன். எனக்காக நீங்க போயி நின்னியளே" என்றார்.

அது உங்கள் டம்ளர் இல்லை, என் கண்ணாடி என்று அவரிடமும் சொன்னேன். போதும் அண்ணாச்சி, போதும் என்று தழுதழுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் மூட்டையைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னதனால் இந்தத் தெருவில் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

"ஒருவழியா நல்லதா முடிஞ்சுல்லா" என்றாள் மனைவி. நல்லதாக முடியவில்லை என்று நான் கத்தினேன். எதற்குக் கத்துகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. நடந்தது என்ன என்று தெரிந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி, ஆனாலும் புரியவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் மூட்டையை வெளியே வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நானே நான்கு சாக்குகளையும் எடுத்துக்கொண்டு கேட்டருகே நின்றேன். மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். மணிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வண்டியை நிறுத்தினார்.

"மெமோ இல்லன்னு நேத்து சொல்லிட்டாவ. ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நன்றி சார்" என்றார்.

அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காகிதம் என்று எழுதிய சாக்கை நீட்டினேன். "வெறும் பேப்பர்தான் மக்கா, நானே பாத்துக் கெட்டினது" என்றேன்.

அவர் சாக்கை வாங்கித் தரையில் வைத்தார். இடது கைக்கு உறையை மாட்டினார். வலது கைக்கு, அந்த மடங்காத பெருவிரலை மெதுவாக உள்ளே தள்ளி, இன்னொரு உறையை மாட்டினார். வண்டியின் பக்கத்திலிருந்து நீளமான கம்பியை உருவி, நான் எழுதிய எழுத்தின் மேலேயே ஒரு குத்து குத்தினார். சாய்த்து இன்னொரு குத்து. அடியில் இரண்டு. ஒன்றும் தட்டவில்லை. அதன்பிறகுதான் சாக்கைத் தூக்கி வண்டியில் போட்டார்.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

"மனசுல வச்சிக்கிடாதீங்க சார்" என்றார். "எல்லா வீட்டுக்கும் இப்பிடித்தான்."